மரத்தில் ஏறிக் கிளை கழிக்க எந்த அளவு செயின்சா?

ஐப்பசி மழைக்கு முன்பே வீட்டோரத்து வேம்பு, மா, புங்கன் கிளைகளைக் கழித்துவிடுவது நம் ஊர்களில் வழக்கம். அரிவாளும் கோடாரியுமாக ஏறியவர்கள் இப்போது செயின்சாவோடு ஏறுகிறார்கள். தோப்பு வைத்திருப்பவர்கள் பலர் சொந்தமாகவே ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 58 சிசி, 22 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) போட்ட மெஷின். விழுந்து கிடக்கும் மரத்தைத் துண்டு போட அது நல்ல மெஷின்தான். கிளையில் காலூன்றி நின்று பிடிக்க அது ஏற்றதே அல்ல. வாங்கும் முன்பும், ஆள் கூப்பிடும் முன்பும் இந்த விஷயங்களைக் கவனியுங்கள்.

1. முதலில் கிளையை அளந்துகொள்ளுங்கள். ஒரு நூலைக் கிளையைச் சுற்றிப் பிடித்து, வந்த நீளத்தை மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய விட்டம் கிடைத்துவிடும். சுற்றளவு 30 அங்குலம் என்றால் விட்டம் 10 அங்குலத்துக்குள்தான். கிளை உயரத்தில் இருந்தால், கைக்கு எட்டுகிற இடத்தில் அதே பருமனான கிளையை அளக்கலாம். விட்டத்தைவிட 2 அங்குலம் கூடுதலான பார் போதும். வீட்டு மரங்களில் ஏறி அறுக்க வேண்டியவை பெரும்பாலும் 8 அங்குலத்துக்கு உட்பட்ட கிளைகள். அவற்றுக்கு 10 அல்லது 12 இன்ச் பார் தாராளம்.

2. சிசி பார்ப்பதற்கு முன் எடை பாருங்கள். அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் பார், செயின், பெட்ரோல், ஆயில் எதுவும் சேராத எடை. 58 சிசி மெஷினில் இவ்வளவையும் சேர்த்தால் ஆறேழு கிலோ வந்துவிடும். மரமேறும் வேலைக்கென்றே செய்தவை இதைவிட நன்றாகவே எடை குறைந்தவை. எக்கோ சிஎஸ்-2511டி 25 சிசி. வெறும் மெஷின் 2.3 கிலோ. ஸ்டில் எம்எஸ் 201 டி 35.2 சிசி, 3.7 கிலோ. கடையில் மெஷினைக் கையில் வாங்கி, ஓட்டாமலே, இரண்டு கையாலும் தோள் உயரத்துக்குத் தூக்கி ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கை நடுங்கினால் அந்த மெஷினோடு மரத்தில் ஏறக் கூடாது.

3. பார் நீளமாக இருந்தால் அதன் நுனி எங்கே இருக்கிறது என்றே மேலே இருப்பவருக்குத் தெரியாது. இலைக்குப் பின்னால் இன்னொரு கொப்பில் போய்த் தட்டும். ஓடுகிற செயினோடு நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால், மெஷின் சட்டென்று அறுப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி எகிறும். இமைக்கும் நேரம்கூட ஆகாது. தரையில் என்றால் ஒதுங்க இடமுண்டு; கவையில் நிற்பவர் எங்கே ஒதுங்குவார்? சின்ன மூக்குள்ள குட்டைப் பாரில் இந்த எகிறல் குறைவு. முன்பிடிக்கு முன்னால் இருக்கும் செயின் பிரேக் சரியாக விழுகிறதா என்று ஒவ்வொரு முறையும் தரையிலேயே சோதித்துவிட்டு ஏறுங்கள்.

4. மரமேறும் மெஷின்களில் பின்பிடி இருக்க வேண்டிய இடத்தில் மேல்பிடி இருக்கும். நெருக்கமான கொப்புகளுக்குள் நுழைய வசதி. ஆனால் ஒரு கையால் ஓட்டத் தூண்டுவதும் இதுவே. ஒரு கை கிளையைப் பிடிக்க, மறு கை மெஷினை ஓட்ட என்று வேலை செய்பவர்களைப் பார்த்தாலே எனக்குப் பதறுகிறது. இரண்டு கையும் மெஷினில், பெருவிரல் பிடியைச் சுற்றி வளைந்து இருக்க வேண்டும். அதற்கு உடம்பைக் கயிறும் இடுப்புப் பட்டையும் தாங்க வேண்டும். பழக்கம் இல்லாதவர் மேல்பிடி மெஷினை வாங்கவே வேண்டாம்.

5. 25 சிசிக்கு 10 இன்ச், 35 சிசிக்கு 12 அல்லது 14 இன்ச் என்பது நல்ல பொருத்தம். சின்ன மெஷினில் நீளப் பார் போட்டால் செயின் திணறும். புதுச் செயின் வாங்கும்போது பழசைக் கையோடு எடுத்துப் போங்கள். செயினின் பிட்ச், தடிமன், கண்ணிகளின் எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று மாறினாலும் ஓடாது.

6. "சின்ன மெஷின் இழுக்க மாட்டேங்குது" என்று பெரியதற்குப் போகிறவர்கள் முதலில் செயினைப் பார்க்க வேண்டும். அறுக்கும்போது கீழே விழுவதைக் கையில் எடுத்துப் பாருங்கள். சீவல் சீவலாக வந்தால் கூர் இருக்கிறது. மாவு போலத் தூளாக வந்தால் மழுங்கிவிட்டது. அமுக்கினால்தான் அறுக்கும், அமுக்கும்போதுதான் கை வழுக்கும். சின்ன மெஷின்களில் பரவலாக இருக்கும் 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம் சரி. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே கோணத்தில், ஒரே எண்ணிக்கையில் உள்ளிருந்து வெளியே தள்ளி ராவ வேண்டும். கூரான 25 சிசி, மழுங்கிய 58 சிசியை வென்றுவிடும்.

7. மரத்துக்கு மரம் வேறுபாடு உண்டு. புளியும் வேம்பும் வைரம் பாய்ந்தவை. இவற்றில் பருத்த கொம்பு என்றால் 35 சிசி கைகொடுக்கும். மாவுக்கு 25 சிசி போதும். தென்னையும் பனையும் வெளிப்பக்கம் கெட்டி. நார் செயினிலும் பல்சக்கரத்திலும் சிக்கும், அடிக்கடி மூடியைக் கழற்றித் துடைக்க வேண்டும். முருங்கையில் ஏறவே ஏறாதீர்கள். சொல்லாமல் முறியும். துரட்டியோ, நீளக் கம்பில் பொருத்திய ரம்பமோ போதும்.

8. பேட்டரி மெஷின்கள் மேலே வேலை செய்ய உண்மையிலேயே நல்லவை. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டிய பாடு இல்லை. விரலை எடுத்தால் நின்றுவிடும். கீழே இருப்பவர் கத்துவதும் காதில் விழும். பேட்டரியோடு சேர்த்து எடை கேளுங்கள். 4, 6 இன்ச் குட்டி மெஷின்கள் வேறு வகை. வோல்ட் எண்ணைப் பெரிதாக அச்சிட்டு விற்பார்கள். கைப்பருமன் கொப்புகளுக்குத் தரையில் நின்று வைத்துக்கொள்ளலாம். அவற்றில் பலவற்றுக்குச் செயின் பிரேக் கிடையாது.

9. 4 அங்குலத்துக்குக் கீழே உள்ள கொப்புக்கு வளைந்த கைரம்பமே வேகம். மெஷினை இழுத்துக் கட்டி, ஸ்டார்ட் செய்து முடிப்பதற்குள் கொப்பு கீழே விழுந்திருக்கும்.

10. நைலான் கயிறு ஓடுகிற செயினில் பட்டால் நொடியில் அறுந்துபோகும். அதனால் அறுக்கும் நேரத்தில் ஏறுகயிறு ஒன்று, உள்ளே இரும்புக் கம்பி ஓடும் இடுப்புக்கயிறு ஒன்று என்று இரண்டு பிடிமானம் தேவை. மெஷினைத் தரையிலேயே சூடாக்கி, அணைத்து, வேறொரு கயிற்றில் மேலே அனுப்புங்கள். மேலே போனதும் மெஷினின் பின்னால் உள்ள வளையத்தை ஏறியவர் தன் இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்ளட்டும். கைலி, துண்டு, தொளதொளச் சட்டை வேண்டாம். தலைக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.

11. பாரமான கிளையை ஒரே வெட்டில் அறுத்தால் பட்டை நெடுகக் கிழியும், கிளை மெஷினையும் சேர்த்து இழுத்துப் போகும். அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து கால்வாசி ஆழம் அறுத்துவிட்டு, சற்று வெளியே தள்ளி மேலிருந்து அறுங்கள். பாரம் விழுந்த பிறகு, மிச்சமிருக்கும் முளையை அடிமரத்தோடு சேரும் வீக்கத்தை ஒட்டிச் சுத்தமாக எடுங்கள். மூன்று சின்ன வெட்டுக்கும் சின்ன பாரே போதும்.

12. பெட்ரோல் மெஷின் என்றால் கையேட்டில் உள்ள கலவையைப் பின்பற்றுங்கள். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில், 25:1 என்றால் 40 மில்லி. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மிஞ்சியதை டேங்கில் விட்டுவைக்க வேண்டாம்.

13. மின்கம்பி பக்கத்தில் ஓடினால் மெஷின் எதுவானாலும் ஏறக் கூடாது. மின்வாரியத்துக்குச் சொல்லி, லைனை நிறுத்திய பிறகே கிளையைத் தொட வேண்டும்.

14. ஆள் வைத்துச் செய்தால், கூலி பேசும் முன் "அண்ணே, மேலே எதை எடுத்துட்டுப் போவீங்க?" என்று கேளுங்கள். பெரிய மெஷின் ஒன்றுதான் இருக்கிறது என்றால், அவர் கைரம்பத்தோடு ஏறட்டும், மெஷின் கீழே துண்டு போடட்டும் என்று பேசி முடியுங்கள். அரைநாள் கூடுதலாகும். அந்தக் கூலியையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.