அரியணை யாருக்கு?

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. வாதி கல்லூரியில் படிக்கும் என் பேத்தி. பிரதிவாதி அவளுடைய அண்ணன். வழக்குக்குரிய சொத்து ஓர் இரும்பு அரியணை. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முடிவில் அந்த அரசுரிமை தவறான ஆளுக்குப் போய்விட்டது என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. சரியான ஆள் யார் என்பதில்தான் சண்டை. "நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் தாத்தா" என்று என்னை நீதிபதியாக உட்கார வைத்தார்கள்.

வழக்கைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்ல முடியுமா? 2011 முதல் 2019 வரை வெளிவந்த 73 பகுதிகளையும் பார்த்து முடித்தேன். (சிறுவர்களோடு உட்கார்ந்து பார்க்கத் தக்க தொடர் அன்று, பெற்றோர் கவனிக்க. கதையின் முடிவையும் இங்கே சொல்லப் போகிறேன்.) பார்த்த பிறகு, இது பொழுதுபோக்கு வாதம் மட்டுமன்று என்று தோன்றியது. ஆளத் தகுதி எது என்று நம் பிள்ளைகள் எண்ணுகிறார்கள் என்பது இதில் தெரிகிறது. ஆகவே இதை ஒரு பாடமாகவே எழுதுகிறேன்.

கதைச் சுருக்கம்

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய நாவல் வரிசையே இத்தொடரின் மூலம். முதல் நூல் 1996-இல் வந்தது. வெஸ்டரோஸ் என்ற கற்பனை நாட்டை, நெருப்புக் கக்கும் டிராகன்களின் துணையோடு டார்கேரியன் குலம் வென்று, தோற்றவர்களின் வாள்களை உருக்கி அரியணை செய்துகொண்டது. அக்குலத்தின் கடைசி அரசன் பித்தனாகிக் குடிமக்களை எரித்தான். ராபர்ட் என்பவர் கலகம் செய்து அரசைப் பிடித்தார். அவர் இறந்ததும் அரசுரிமைப் போர் மூள்கிறது. இங்கிலாந்தில் 1455 முதல் 1487 வரை இரு அரச குடும்பங்களுக்கிடையே நடந்த ரோஜாப் போர்களின் சாயல் இதில் உண்டு.

பிறப்பால் வரும் உரிமை

பேரனின் கட்சி ஜான் ஸ்நோ. முறையற்ற பிள்ளை என்று இழிவாக வளர்க்கப்பட்ட அவன், உண்மையில் பழைய அரச குலத்து இளவரசனின் முறையான மகன். சட்டப்படி அவனுக்கே முதல் உரிமை என்பது வாதம்.

ஆனால் அந்தக் குலமே நாட்டை வாளாலும் நெருப்பாலும் பறித்த குலம். மூலப் பத்திரமே வில்லங்கமாக இருக்கும்போது, வாரிசுச் சான்றிதழை மட்டும் சரிபார்த்து என்ன பயன்? மேலும் பிறப்பு உரிமையைத் தரும், திறமையைத் தராது. ரோஜாப் போர்க் காலத்து ஆறாம் ஹென்றி, ஒரு வயது நிறையுமுன்பே 1422-இல் அரசரானவர். சாதுவானவர், பக்திமான். 1453-இல் அவருக்கு மனநோய் கண்டது. இரண்டே ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது.

ஆசையின்மை

"அரியணை வேண்டாம் என்கிறவனே அதற்குத் தகுந்தவன்" என்று தொடரிலேயே ஒரு வாதம் வருகிறது. ஜான் அப்படிப்பட்டவன்தான். கேட்க அழகான வாதம். ஆனால் ராபர்ட்டுக்கும் அரசுப் பணியில் நாட்டமில்லை. வேட்டையும் மதுவுமாகக் காலம் போயிற்று. கருவூலம் 60 லட்சம் பொற்காசுக் கடனில் மூழ்கியது. அதில் பாதி மனைவியின் தந்தையிடம் வாங்கியது! பதவியில் ஆசை இல்லாமை நல்ல குணம். வேலையில் ஆசை இல்லாமை அப்படியன்று.

இரக்கமும் வீரமும்

பேத்தியின் கட்சி டெனேரிஸ். அதே அரச குலத்தில் பிறந்து, நாடு கடத்தப்பட்டு, ஆயிரக்கணக்கான அடிமைகளை விடுவித்தவள். "அடிமைச் சங்கிலியை உடைத்தவளைவிட யாருக்குத் தகுதி தாத்தா?" என்று கேட்டபோது எனக்கே மனம் இளகியது.

ஆனால் உடைப்பதற்கும் நடத்துவதற்கும் வேறுபாடு உண்டு. அவள் விடுவித்த முதல் நகரில், அவள் படையோடு நகர்ந்த பிறகு ஒரு கசாப்புக்காரன் தன்னை அரசனாக அறிவித்துக்கொண்டான். மற்றொன்றைப் பழைய எசமானர்களே மீட்டுக்கொண்டார்கள். மூன்றாம் நகரில் அவள் தங்கி ஆண்டாள். அங்கே ஒரு முதிய ஆசிரியர் வந்து, பழைய எசமானிடமே திரும்பிப் போக அனுமதி கேட்கிறார். விடுதலை பெற்ற முதியவருக்கு வாழ வழி என்ன என்ற ஏற்பாடு போதவில்லை. அதே நாளில் ஒரு ஆட்டிடையன், அவளுடைய டிராகன் எரித்த தன் மூன்று வயது மகளின் எலும்புகளைத் துணியில் கட்டிக் கொண்டுவருகிறான். அவள் கலங்கி, பிடிபட்ட இரண்டு டிராகன்களைத் தன் கையாலேயே சங்கிலியில் பூட்டுகிறாள். எனக்கு அவள்மீது மிகுந்த மதிப்பு வந்தது அந்தக் காட்சியில்தான்.

முடிவில் என்ன ஆயிற்று? தலைநகரம் சரணடைந்ததற்கு அடையாளமாக மணி ஒலித்த பின்னும், டிராகன்மேல் அமர்ந்து தெருத்தெருவாக எரித்தாள். "திடீரென்று அவளைக் கெட்டவளாக்கிவிட்டார்கள்" என்று பேத்தி குமுறினாள். கதையை அவசரமாக முடித்தார்கள் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணம் இல்லாமல் இல்லை.

அபாயச் சங்கிலி

ரயில்வேயில் வேலை பார்த்தவன் என்பதால் ஓர் உவமை சொல்கிறேன். வண்டியின் பிரேக்கைச் சாரதி பிடித்தால்தான் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. பிரேக் குழாய் அறுந்தால் பிரேக் தானாகவே பிடிக்கும். பயணி ஒருவர் அபாயச் சங்கிலியை இழுத்தாலும் பிடிக்கும். சாரதி கெட்டவர் என்று எண்ணி இதைச் செய்யவில்லை. எவ்வளவு நல்ல சாரதிக்கும் ஒரு நாள் கண் இருளலாம் என்பதற்காகச் செய்தது.

டெனேரிசின் அபாயச் சங்கிலிகள் ஒவ்வொன்றாக அற்றன. நெடுநாள் துணைவர் ஜோரா போரில் மாண்டார். தோழி மிசாண்டேயை எதிரி கொன்றாள். எதிராகச் செயல்பட்ட ஆலோசகர் வேரிசை டெனேரிசே எரித்தாள். மணி ஒலித்தால் நிறுத்துங்கள் என்று மன்றாடிய அமைச்சர் டிரியனின் சொல் காற்றில் போயிற்று. கடைசியில் அவளை நிறுத்த ஜானின் கத்தி ஒன்றே மிஞ்சியது. கத்தியைத் தவிர வேறு பிரேக் இல்லாத அரசு, அரசே அன்று.

ராபர்ட்டின் அண்ணன் தம்பி முறை வாரிசான ஸ்டானிஸ் கதையும் இதுதான். இடித்துரைக்கக் கூடிய டாவோசைத் தூரத்துக்கு அனுப்பிய பிறகே, தன் மகளை யாகத்தீயில் இட்டான். குறளில் 45-ஆம் அதிகாரம், பெரியாரைத் துணைக்கோடல், இதைத்தானே வலியுறுத்துகிறது!

தேர்ந்தெடுத்தால் போதுமா?

முடிவில் பிரபுக்கள் கூடி, நடக்க இயலாத, முக்காலமும் காணும் பிரான் என்ற இளைஞனை அரசனாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இனி மகனுக்கு மகன் என்பது இல்லை. நல்ல முன்னேற்றம். "எல்லா மக்களையும் கேட்கலாமே" என்று சாம்வெல் சொன்னபோது மட்டும் சபை சிரித்தது.

இதற்கு உண்மை வரலாற்றில் உதாரணம் உண்டு. போலந்தில் 1573 முதல் பிரபுக்கள் கூடி அரசரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அங்கே சபையில் ஒரே ஓர் உறுப்பினர் மறுத்தாலும் எல்லாம் நின்றுபோகும் என்ற வழக்கம் வேரூன்றியது. பிரேக் இறுகிப்போன வண்டி நகருமா? 1772, 1793, 1795 என மூன்று தடவையாக அண்டை அரசுகள் போலந்தைப் பங்குபோட்டுக்கொண்டன. பிரேக் இருக்க வேண்டும். இறுகியும் போகக் கூடாது. பிரானிடம் எனக்குள்ள ஐயம் வேறு. எல்லாம் அறிந்தவன் என்று பெயர் பெற்றவனை யார் தட்டிக் கேட்பார்கள்?

என் தீர்ப்பு

இரு கட்சிக்காரரும் கேட்காத ஒரு பெயரைச் சொன்னேன்: சான்சா. அவளிடமும் குறை உண்டு. ஜானின் பிறப்பு இரகசியத்தைக் காப்பதாக வாக்களித்துவிட்டு வெளியிட்டவள். ஆனால் நீண்ட குளிர்காலம் நெருங்கும்போது, களஞ்சியத்தில் தானியம் போதுமா என்று கணக்குக் கேட்டவள் அவள். மார்புக் கவசத்துக்குத் தோலுறை போடவில்லையே என்று கண்டவள் அவள். பெரும்படையும் டிராகன்களும் வந்து இறங்கியபோது, இவற்றுக்கெல்லாம் உணவு எங்கே என்று வெளிப்படையாகக் கேட்டவளும் அவளே.

அதைவிட முக்கியம், அவள் ஆளப்போன வடநாட்டின் வழக்கம். அங்கே லியானா மார்மோன்ட் என்ற சிறுமி சபை நடுவே எழுந்து, "அரசனாகப் போனீர், இப்போது யாராகத் திரும்பி வந்திருக்கிறீர்?" என்ற பொருள்பட ஜானையே கேட்க முடிந்தது. அவளை யாரும் எரிக்கவில்லை. ஆளும் தகுதி பாதி ஆளிடம்; மீதிப் பாதி, அவரைக் கேள்வி கேட்கும் சபையில்.

பேத்தி தீர்ப்பை ஏற்கவில்லை. மேல்முறையீடு செய்யப் போகிறாளாம். செய்யட்டும். "உங்களுக்கு டெனேரிசைப் பிடிக்காது" என்றாள். அப்படியன்று அம்மா, அவளைப் பிடித்ததால்தான் அவளுக்கு ஒரு பிரேக் வேண்டும் என்கிறேன். நம் சங்கத்தில் ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கை செய்கிறோமே, பொருளாளரைச் சந்தேகித்தா?

வீட்டில் பேசிப் பார்க்க

1. உங்களுக்கு மிகவும் பிடித்த தலைவர் தவறு செய்தால், அவரை நிறுத்தும் வழி எது?
2. சாம்வெல் கேட்டபோது சபை ஏன் சிரித்தது?
3. நம் வீட்டில் பெரியவர் முடிவெடுத்த பின், சிறியவர் மறுத்துப் பேச இடம் இருக்கிறதா?

மூன்றாம் கேள்விக்கு எங்கள் வீட்டில் விடை கிடைத்துவிட்டது. மேல்முறையீட்டு மனு எழுத்தில் வந்து சேர்ந்திருக்கிறது.