காயினும் ரூபாய்தான்: கார் ரேஸ் கேமில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பள்ளிபாளையத்தில் தறிக்கூலி வாரக் கணக்கில் கைக்கு வருகிறது. போனில் இருக்கும் கார் ரேஸ் கேமிலும் வாரக் கடைசி ஆனால் ‘ஸ்பெஷல் ஆஃபர்’ வந்து நிற்கிறது. இரண்டும் ஒரே ராத்திரியில் சந்தித்தால் எது ஜெயிக்கும் என்பதை நிறையப் பார்த்தாயிற்று. கேம் ஆடுவதில் தப்பு ஒன்றும் இல்லை. ஷிஃப்ட் முழுக்கத் தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவர் அரை மணி நேரம் கார் ஓட்டினால் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று? கேமுக்குள் இருக்கும் கடையில்தான் கையைச் சுட்டுக்கொள்கிறோம்.

முதலில் ஒரு விஷயம். மொபைல் ரேஸ் கேம் பெரும்பாலானவற்றில் இரண்டு வகைக் காசு உண்டு. ஓட்டினால் தாராளமாகக் கிடைக்கும் காசு ஒன்று. ஓட்டினால் சொட்டுச் சொட்டாகவும், ரூபாய் கொடுத்தால் கொட்டோ கொட்டென்றும் வரும் காசு இன்னொன்று. ஆஸ்பால்ட்டில் கிரெடிட், டோக்கன். சிஎஸ்ஆர் ரேசிங் 2-ல் கேஷ், கோல்டு. ஹில் க்ளைம்ப் ரேசிங் 2-ல் காயின், ஜெம். முதல் வகையைத் தைரியமாகச் செலவு செய்யலாம். இரண்டாவதைத் தொடும்போது கீழே இருப்பது கட்டாயம் ஞாபகத்துக்கு வரட்டும்.

செய்ய வேண்டியவை

• டோக்கன் விலையை ரூபாயாக மாற்றிப் பாருங்கள். 499 ரூபாய்க்கு 700 டோக்கன், ஒரு அதிர்ஷ்டப் பெட்டி திறக்க 300 டோக்கன் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு பெட்டி 214 ரூபாய். ‘300 டோக்கன்’ என்று பார்த்தால் விரல் தானாக அழுத்திவிடும். ‘214 ரூபாய்’ என்றால் ஒரு நிமிஷம் யோசிக்கும். இரண்டு பெட்டி திறந்தபின் 100 டோக்கன் மிச்சம் நிற்கிறதல்லவா, அதை வைத்து எதுவும் வாங்க முடியாது. அது உங்கள் 71 ரூபாய். அடுத்த பேக்கை வாங்கினால்தான் அதற்கு உயிர் வரும். பேக்கின் அளவும் பெட்டியின் விலையும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் இருப்பது தற்செயல் என்று நம்பாதீர்கள். 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள், கேமுக்குள் விற்கும் பொருளின் விலையை நிஜப் பணத்திலும் காட்ட வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தன. இங்கே அந்தக் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும். போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

• ஒரே வண்டியை எடுத்து அதை முழுசாக ஏற்றுங்கள். பழைய ஹில் க்ளைம்ப் ரேசிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிங்கர்சாஃப்ட் என்ற பின்லாந்து நிறுவனம் 2012-ல் விட்ட கேம். இன்றைக்கும் நம் பக்கத்துப் போன்களில் இருக்கிறது. முதலில் கிடைக்கும் ஜீப்புக்கு அப்கிரேட் போடாமல், காயின் சேர்ந்ததும் அடுத்த வண்டியை வாங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். புது வண்டி அப்கிரேட் இல்லாமல் பாதி மேட்டில் நின்றுவிடும். தூரம் போகப் போகத்தான் காயின் சேரும். தூரம் போவது அப்கிரேட் ஏறிய வண்டிதான். எதற்குச் செலவு செய்வது என்று வண்டியே காட்டும்: மேட்டில் சக்கரம் வழுக்கினால் டயருக்கு, ஏற இழுவை பற்றாவிட்டால் இன்ஜினுக்கு, பள்ளத்தில் விழுந்து எகிறிக் குட்டிக்கரணம் அடித்து டிரைவரின் கழுத்து முறிந்தால் சஸ்பென்ஷனுக்கு.

• வண்டி விலையோடு அப்கிரேட் செலவையும் கூட்டிப் பாருங்கள். ஆஸ்பால்ட்டில் வண்டி திறக்கவும் ப்ளூபிரின்ட் என்ற கார்டு வேண்டும், வண்டியின் ஸ்டார் ஏறவும் அதே ப்ளூபிரின்ட். ஸ்டார் ஏற ஏற அப்கிரேடுக்கான கிரெடிட்டும் ஏறுகிறது. கராஜில் இருபது வண்டி நின்றும் ஜெயிக்க ஒன்றும் இல்லை என்று புலம்புகிறவர்கள் இந்தக் கூட்டலைப் போடாதவர்கள்தான்.

• ஆசைப்பட்ட வண்டியை முதலில் யூடியூபில் பாருங்கள். துபாய் ரேஸில் நடிகர் அஜித் ஓட்டிய போர்ஷே என்பதற்காக கேமிலும் அது பறக்கும் என்று இல்லை.

• இலவசமாக வரும் டோக்கனையும் கோல்டையும் இவென்டுக்கென்று சேர்த்து வையுங்கள். இன்ன வண்டிக்கு இன்ன விலை என்று நேராகச் சொல்லும் இவென்ட் வரும். அன்றைக்குக் கையில் இருப்பு உள்ளவர் ரூபாய் போட வேண்டியதில்லை.

• ப்ளே ஸ்டோரில் மாத பட்ஜெட் போடுங்கள். உங்கள் படத்தைத் தொட்டு, ‘பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’, அதற்குள் ‘பட்ஜெட் அண்ட் ஹிஸ்டரி’. தொகை தாண்டப் போனால் எச்சரிக்கும், தடுக்காது. எச்சரிக்கை வந்தும் வாங்கினால் அதற்குமேல் கூகுள் என்ன செய்யும்?

• ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டோ கைரேகையோ கேட்கும்படி வையுங்கள். வீட்டில் ஒரே போன், அதைக் கையில் எடுக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று என்றால் இதை இன்றே செய்யுங்கள்.

• செலவு செய்தே தீருவேன் என்றால் ப்ளே ஸ்டோர் கிஃப்ட் கோடு வாங்கிப் போடுங்கள். 100 ரூபாய் போட்டால் 100 ரூபாயோடு நின்றுவிடும். பேங்க் அக்கவுண்டை நேராக இணைத்தால் அந்த வேலி இல்லை.

• கேமை உங்கள் அக்கவுண்டோடு இணையுங்கள். இணைக்காமல் ஆடி, போன் தொலைந்தாலோ கேமை அன்இன்ஸ்டால் செய்தாலோ சேர்த்த காயின் அத்தனையும் போய்விடலாம். பழைய போனை விற்கும் முன்பும் இதைச் சரிபாருங்கள்.

• விளையாடும் நேரத்துக்கு நீங்களே பூட்டுப் போடுங்கள். பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் கேம்களுக்குத் தமிழக அரசு 2025 பிப்ரவரியில் விதி கொண்டுவந்தது: 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்ளே நுழையக்கூடாது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்த வகை கேம்களையே தடை செய்தது. கார் ரேஸ் கேமில் போட்ட பணம் ரூபாயாகத் திரும்பி வருவதே இல்லை. அதனால் இது அந்தக் கணக்கில் சேராது. ராத்திரி ஒரு மணிக்கும் கடை திறந்தே இருக்கும். அசதியில் இருக்கிறவர்தான் அந்தக் கடைக்குப் பிடித்த வாடிக்கையாளர்.

செய்யக்கூடாதவை

• ஓடும் கடிகாரத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ‘இன்னும் 2 மணி நேரமே’ என்று ஓடி முடிந்த ஆஃபர் வேறு பெயரில் திரும்பி வருவதை ஒரு மாதம் ஆடியவர்களே பார்த்திருப்பார்கள். பொய் அவசரம் காட்டி விற்பதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. புகார் சொல்ல 1915.

• அதிர்ஷ்டப் பெட்டிக்கு ரூபாய் போடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுப்பதற்கு நம் ஊரில் லாட்டரி என்று பெயர். தமிழ்நாட்டில் அதை 2003-லேயே மூடிவிட்டார்கள். நின்டெண்டோ தன் மரியோ கார்ட் டூர் கேமில், ரூபி கொடுத்து அதிர்ஷ்டத்துக்கு ஆளையும் வண்டியையும் எடுக்கும் முறையை 2022-ல் நீக்கிவிட்டு, வேண்டியதை நேராக வாங்கும் கடையை வைத்தது. எல்லா கேமும் அப்படி மாறவில்லை. ஓட்டிக் கிடைத்த பெட்டியைத் திறங்கள், ஆசை தீரத் திறங்கள், வாங்கித் திறக்காதீர்கள்.

• காத்திருக்கும் நேரத்தை விலைக்கு வாங்காதீர்கள். சிஎஸ்ஆர் 2-ல் பெட்ரோல் தீர்ந்தால் கோல்டு கொடுத்து நிரப்பலாம். ஹில் க்ளைம்ப் 2-ல் பெட்டி திறக்க மணிக்கணக்கில் ஆனால் ஜெம் கொடுத்து உடனே திறக்கலாம். காத்திருந்தால் இரண்டும் சும்மா நடக்கும். பெட்ரோல் தீர்ந்ததா, போனை வையுங்கள். அன்றைக்கு அது போதும்.

• தினமும் வந்து வாங்கிக்கொள்ளும் மாத பாஸை யோசிக்காமல் எடுக்காதீர்கள். காசை முதல் நாளே கட்டிவிடுகிறீர்கள். டோக்கனோ நாளுக்குக் கொஞ்சமாக வருகிறது, ஒரு நாள் கேமைத் திறக்காவிட்டால் அன்றைய பங்கு போயிற்று. தறியில் முன்பணம் வாங்கியவர் பட்டறைக்குக் கட்டுப்படுவார். இங்கே முன்பணம் கொடுத்தவரே கட்டுப்படுகிறார். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கேம் கம்பெனிகளின் மேல் பயம் கலந்த மரியாதை உண்டு.

• ஆட்டோபேயை மறந்து விட்டுவைக்காதீர்கள். ஒருமுறை ஒப்புக்கொண்டால் 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு மாதா மாதம் பின் கேட்காமலே எடுக்கலாம் என்பதுதான் விதி. கேமை அழித்தால் சந்தா நிற்காது. யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலைத் திறந்து, தேவையில்லாததை ரத்து செய்யுங்கள்.

• யூபிஐ பின்னைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். பால் பாக்கெட் வாங்கச் சொல்லிக் கொடுத்த பின், கேமிலும் அதே பின்தான்.

• ‘அன்லிமிடெட் காயின்’ மோட் ஏபிகே போடாதீர்கள். ப்ளே ஸ்டோருக்கு வெளியே, யார் செய்தார்கள் என்றே தெரியாமல் வரும் ஃபைல் அது. கேம் அக்கவுண்ட் முடங்குவது சின்ன நஷ்டம். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டு நீங்களும் கொடுத்துவிட்டால் ஓடிபி வேறு ஒருவர் கைக்குப் போகும். பேங்க் ஆப் இருக்கும் போனில் இந்த விளையாட்டே வேண்டாம்.

• டெலிகிராமில் பாதி விலைக்கு டோக்கன் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போவார், அல்லது திருட்டுக் கார்டில் வாங்கிக் கொடுப்பார். கார்டுக்காரர் புகார் செய்ததும் முடங்குவது உங்கள் அக்கவுண்ட். ஃபோர்ஸா ஹொரைசன் 5-ல் கிரெடிட்டைக் கம்பெனியே ரூபாய்க்கு விற்பதில்லை. அப்படியிருக்க ‘ஃபோர்ஸா கிரெடிட்’ விற்கிறவர் எங்கிருந்து எடுக்கிறார்? பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கத் தொகையை மடக்கிப் பிடிப்பது கஷ்டம்.

• கேம் வந்த சூட்டோடு கிரெடிட் வாங்காதீர்கள். பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் கிரான் டூரிஸ்மோ 7 கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2022 மார்ச் 4-ம் தேதி கேம் வந்தது. முழு விலை கொடுத்து வாங்கிய கேம், அதற்குள்ளும் கிரெடிட் கடை: 20 லட்சம் கிரெடிட் 19.99 டாலர். மெக்லாரன் எஃப்1 என்ற ஒரே காருக்கு 1 கோடியே 85 லட்சம் கிரெடிட். நிஜப் பணம் போட்டு வாங்குவதென்றால் பத்து பேக், கிட்டத்தட்ட 200 டாலர். கேமின் விலையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். அந்த மாதமே ஒரு அப்டேட்டில் சில ரேஸ்களின் பரிசுத் தொகையையும் குறைத்தார்கள், கேமும் ஒரு நாளுக்கு மேல் முடங்கிக் கிடந்தது. ஆடுகிறவர்கள் கொதித்துப் போனார்கள். கேமை உருவாக்கிய கசுனோரி யமாவுச்சி மன்னிப்புக் கேட்டு 10 லட்சம் கிரெடிட் இலவசமாகக் கொடுத்தார்; ஏப்ரல் அப்டேட்டில் பரிசுத் தொகைகள் ஏறின. முதல் மூன்று வாரத்தில் டாலர் கொடுத்தவருக்கு என்ன மிச்சம்? பொறுத்திருந்தவருக்கு அதே கார் ஓட்டியே கிடைத்தது.

• கேம் காசைச் சொத்து என்று நினைக்காதீர்கள். யூபிசாஃப்டின் தி க்ரூ 2014-ல் வந்தது. அமெரிக்கா முழுவதையும் காரில் சுற்றும் கேம். ரூபாய் கொடுத்து வாங்கும் க்ரூ கிரெடிட்டும் உண்டு. 2024 மார்ச் 31-ம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். கேமுக்கு இணையம் கட்டாயம் என்பதால், டிஸ்க் வைத்திருந்தவரும் அதற்குமேல் ஆட முடியவில்லை. ஒன்பது வருஷத்துக்கும் மேலாகச் சேர்த்த கார்கள் ஒரே நாளில் போயின. ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கம் அந்தக் கோபத்தில் பிறந்ததுதான். ஆகவே கேமில் ரூபாய் போட்டால், திரும்பி வராத சினிமா டிக்கெட் காசு என்றே எழுதி வையுங்கள்.

• கடன் வாங்கி டோக்கன் வாங்காதீர்கள். லோன் ஆப், மைக்ரோ ஃபைனான்ஸ், பட்டறை முன்பணம், எதுவானாலும் சரி. கடன் என்ன செய்யும் என்று பள்ளிபாளையத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று ராத்திரி கேமைத் திறக்கும் முன் ப்ளே ஸ்டோரின் ‘பட்ஜெட் அண்ட் ஹிஸ்டரி’யைத் திறந்து, கடந்த ஆறு மாதத்தில் கேமுக்குப் போன தொகையைக் கூட்டிப் பாருங்கள். கடைசியாக வாங்கியது 48 மணி நேரத்துக்குள் இருந்தால் கூகுளிடமே ரீஃபண்ட் கேட்கலாம். அதைத் தாண்டினால் பெரும்பாலும் கேம் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும், அங்கே பதில் வருவது அவர்கள் இஷ்டம். நேற்று வாங்கியது ஏதாவது இருந்தால் இதைப் படித்து முடித்ததும் விண்ணப்பியுங்கள்.