எருக்குவியலின் வடிநீரும் கிணற்று நீரும்

கமக்காரர்களே,

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை நிலத்தினுள் இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தங்குகின்றது. அந்நீரையே குடிக்கின்றோம், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அதனையே இறைக்கின்றோம். அளவெட்டியின் செம்மண் நீரை விரைவாக உட்கொள்ளும். அதன்கீழுள்ள கல்லோ நீரை வடிகட்டுவதில்லை. வெடிப்பின் வழியே அவ்வாறே விட்டுவிடும். ஆகையால் நிலத்தின்மேல் குவிக்கப்படும் எப்பொருளின் வடிநீரும் கிணற்றை அடையக்கூடும்.

இதற்குச் சான்று தொலைவில் இல்லை. அயலிலுள்ள சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. அங்கிருந்த அனல்மின் நிலையமொன்றினால் நிலத்தடி நீர் மாசுற்றதென 2019 ஏப்ரல் 4 ஆந் திகதி உயர் நீதிமன்றம் தீர்த்து, பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு கட்டளையிட்டது. எனினும், நிலத்தடியிற் சேர்ந்த மாசைப் பணத்தால் உடனே அகற்ற இயலாது. வருமுன் தடுப்பதே வழி.

நிலக்கரிச் சுரங்கமுள்ள நாடுகளில் கழிவு மேடுகளினால் இத்தகைய இடர் உண்டு. கழிவிலுள்ள கந்தகக் கனிப்பொருள் காற்றும் நீரும் பட்டு அமிலமாகி ஓடைகளைக் கெடுக்கும். அங்கே வடிகால் விதி மீறப்பட்டால் மூன்று வேலைகள் செய்விக்கப்படும்: வெளிநீர் மேட்டை அணுகாது திருப்புதல், மேட்டிலிருந்து கசியும் நீரைச் சேர்த்தல், சேர்த்த நீரைத் திருத்திய பின்னரே வெளிவிடுதல். இம்முறை நமது எருக்குவியலுக்கும் பொருந்தும். ஆனால் ஒரு வேறுபாடுண்டு. சுண்ணக்கல் அமிலத்தின் கடுமையைத் தணிக்கும். எண்ணெயையும் எருவின் நைத்திரேற்றையும் தடுக்காது.

நைத்திரேற்று மிகுந்த நீர் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு விளைக்கும். நீரைக் கொதிக்க வைப்பதால் அது நீங்காது; நீர் வற்ற அதன் செறிவு கூடும். ஆகவே பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் வேண்டும்.

1. எருக்குவியலைக் கிணற்றிலிருந்து குறைந்தது 100 அடி தள்ளி அமைக்க. கல் வெளித்தெரியும் இடம் ஆகாது.

2. குவியலின் மேட்டுப்புறத்தில் 1 அடி ஆழமான வாய்க்கால் வெட்டி, மழைநீரை அப்பால் திருப்புக. மாரி தொடங்குமுன் குவியலைக் கிடுகினால் மூடுக.

3. அடித்தளத்தைக் களிமண் இட்டு இறுக்குக. இயலுமாயின் சீமெந்து இடுக. பள்ளப்புறத்தில் வடிநீரைச் சேர்க்கும் குழிக்கும் சீமெந்து பூசுதல் இன்றியமையாதது. இந்நிலத்தில் வெறும் மண்ணில் வெட்டிய குழி, கிணற்றுக்கு நாமே திறந்த வாயிலாகும்.

4. சேர்ந்த வடிநீரை வீணாக்க வேண்டாம். கோடையில் குவியலின்மேல் மீண்டும் தெளிக்கலாம். நீர் கலந்து பயிரின் அடியில் ஊற்றலாம். பச்சையாக உண்ணும் கீரை வகைகளின்மேல் ஊற்றலாகாது.

5. பாழ்கிணற்றில் குப்பையோ, பூச்சிமருந்துப் போத்தலோ, இயந்திரக் கழிவெண்ணெயோ இடலாகாது. அது பாழாயினும் அதன் நீர் அயற்கிணற்றின் நீரேயாம்.

அயலில் ஒரு தொழில் நிலையத்தின் கழிவு நிலத்திற் கசிவதைக் கண்டால், வாய்ச்சண்டை பயனற்றது. நாள், இடம், நீர் ஓடும் திசை ஆகியவற்றைக் குறித்துப் பிரதேச சபைக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் எழுத்து மூலம் அறிவிக்க. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்க இடமுண்டு. கிணற்று நீரைப் பரிசோதிப்பிக்கும் முறையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிக. நீரில் எண்ணெய்ப் படலம் தெரியின், முடிவு வரும்வரை அதனைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம்.

குறைகாணப்பட்ட குவியல் உமதாயின், அதன்மேல் மண்ணிட்டு மறைப்பது திருத்தமாகாது. வாய்க்காலையும் குழியையும் அமைத்து, முதல் மழை பெய்யும்போது சென்று பார்க்க. குவியலைத் தொட்ட நீர் ஒரு துளியேனும் வெளியே ஓடாதிருந்தாலே திருத்தம் நிறைவுற்றதெனக் கொள்ளலாம். உமது வளவில் விழுவது அயலான் வாளியிலும் வரும் என்பதை மறவாதீர்.