இன்வெர்ட்டரின் கண்

2011 டிசம்பர் 30-ஆம் நாள் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, நம் மாவட்டத்தில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. கம்பியில் மின்சாரம் இல்லை என்ற உறுதியின் பேரிலன்றோ ஊழியர் கை வைக்கிறார்! இன்று மாடிகளில் சூரியத் தகடுகளைக் காண்கிறோம். மின்வாரியக் கம்பியோடு இணைந்த அவற்றின் இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிட வேண்டும்.

230 வோல்ட்டை அது எங்ஙனம் அறிகிறது? அதன் கட்டுப்பாட்டுச் சுற்று 3 அல்லது 5 வோல்ட்டில் இயங்குவது. நேரே இணைத்தால் கருகிவிடும். ஆகவே மின்தடையங்களின் வரிசை வோல்ட்டைக் குறைக்க, ஒளி அல்லது காந்தப்புலத்தின் வழியே, கம்பித் தொடர்பின்றிச் செய்தி மறுபக்கம் செல்கிறது.

மின்சாரம் இருந்தும் 'இல்லை' என்று இன்வெர்ட்டர் நின்றுவிட்டால்? பயிற்சி பெற்றவர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பார். அங்கே 230, திரையில் சுழி என்றால் பழுது பெரும்பாலும் இக்கண்ணில்தான். மின்தடையம் ஒன்று அறுந்திருக்கலாம். பலர் மறப்பது, உயர்வோல்ட்டுப் பக்கத்திற்கெனத் தனியே உள்ள சிறு மின்வழங்கியை. அது நின்றால் மற்றவை நலமாயிருந்தும் செய்தி வராது. சுழியாக இன்றிக் குறைத்துக் காட்டினால், ஒரு மின்தடையத்தின் மதிப்பு மாறியிருக்கலாம்; நம் கடற்கரையின் உப்பீரம் பலகையில் படிந்து கசிவும் உண்டாக்கலாம். மின்சாரத்தை நிறுத்திய பின்பும் மின்தேக்கிகள் வடியும்வரை பலகையைத் தொடலாகாது.

இத்தனை தொல்லை எதற்கென்று, பொய்யான வோல்ட்டைக் காட்டிக் கண்ணை ஏமாற்றச் சிலர் துணியலாம். அந்த இன்வெர்ட்டர் அடுத்த புயலில் நிற்காது.