கிண்ணத்து நீரில் ஓர் உயிர்

நுழையுமுன்

உயிர்களை வளர்ப்பது மகிழ்ச்சி தரும். அதே அளவு பொறுப்பையும் தரும். நோயுற்ற ஒரு சிறு மீனுக்கு முதலில் தேவைப்பட்டது எது என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

பாடம்

தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் ஓர் அரசுக் குடியிருப்பு. அங்கு வசித்த ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு அவள் தந்தை தீபாவளியின்போது ஒரு பெட்டா மீனை வாங்கித் தந்தார். கருநீல உடலும் விசிறி போன்ற வாலும் கொண்ட அம்மீன், சன்னலோரம் இருந்த இரண்டு லிட்டர் கண்ணாடிக் கிண்ணத்தில் நீந்தியது. "இந்த மீனுக்கு இவ்வளவு தண்ணீரே போதும்" என்று கடைக்காரர் கூறியிருந்தார்.

சனவரி மாதம் வந்தது. மீன் நீந்துவதை விட்டு அடியில் கிடந்தது. துடுப்புகள் உடலோடு ஒட்டிக்கொண்டன; வாலின் ஓரம் கிழிந்தது; நிறம் மங்கியது. இட்ட உணவு உண்ணப்படாமல் ஊறிப் படிந்தது. தந்தை மருந்துக் குப்பியொன்றை வாங்கி வந்தார். அதைத் திறக்கும் வேளையில், தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைத்தார். சிறுமி அழுதுகொண்டே செய்தியைச் சொன்னாள்.

"மருந்து இருக்கட்டும் கண்ணு. தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாயா?" என்று கேட்டார் பாட்டி.

சிறுமி விரலை நனைத்தாள், சில்லிட்டது. வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது 16 பாகை செல்சியஸ் காட்டியது.

பெட்டா, தாய்லாந்து நாட்டின் வெப்பமான சதுப்புகளிலும் நெல்வயல்களிலும் வாழும் மீன். 2019-ஆம் ஆண்டு அந்நாடு அதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. 24 முதல் 28 பாகை வரையிலான வெப்பமே அதற்கு ஏற்றது. நீர் குளிர்ந்தால் செரிமானம் குறையும். நோயை எதிர்க்கும் ஆற்றலும் குன்றும். தில்லியின் சனவரி இரவுகளிலோ வெளி வெப்பநிலை 5 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு.

"அது மூச்சுவிட மேலே வருகிறதா?" என்று பாட்டி மீண்டும் கேட்டார். "நம் ஊர்ப் பனையேறிக் கெண்டையும் அப்படித்தான் மேலே வந்து காற்றைக் குடிக்கும்."

பாட்டி கூறியது சரியே. இரு மீன்களுக்கும் செவுள்களுக்கு மேலே காற்றை ஈர்க்கும் தனி உறுப்பு உண்டு. பனையேறிக் கெண்டை பனைமரத்தில் ஏறக் கண்டதாகத் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்னும் டேனிஷ் அதிகாரி எழுதியது 1797-இல் வெளியாயிற்று. மரமேறுவதில் அறிஞர்களுக்கு ஐயம் உண்டு. ஈரத்தரையில் ஊர்ந்து செல்வது உண்மை.

காற்றைச் சுவாசிப்பதால் பெட்டா சிறு கிண்ணத்திலும் உடனே இறப்பதில்லை. அதனாலேயே 'சிறிது நீர் போதும்' என்னும் தவறான எண்ணம் பரவியது. மீனின் செவுள்களிலிருந்தும் கழிவிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு ஓயாமல் வெளிவருகிறது. பெரிய தொட்டியில் அது நீர்த்துப்போகும். நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அதனைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும். கிண்ணத்திலோ அது விரைவில் பெருகிச் செவுள்களையும் துடுப்புகளையும் அரிக்கும். நீர் கண்ணுக்குத் தெளிவாகவே தோன்றும்.

குடும்பத்தார் மருந்தை எடுத்து வைத்தனர். இருபது லிட்டர் தொட்டியும் சிறு வெப்பமூட்டியும் வாங்கப்பட்டன. தந்தையே வெப்பமூட்டியைப் பொருத்தினார். நீரில் கை வைக்குமுன் மின்சாரத்தை நிறுத்தினார். மீன் அதிர்ச்சியுறாதிருக்க, மூன்று நாட்களில் சிறிது சிறிதாக வெப்பம் 26 பாகைக்கு உயர்த்தப்பட்டது. மீன் காற்றைச் சுவாசிக்க மேற்பரப்பில் இடம் விடப்பட்டது.

ஒன்றுவிட்டு ஒரு நாள் கால்பங்கு நீரைச் சிறுமி மாற்றினாள். குழாய்நீரில் உள்ள குளோரின் மீனுக்குக் கேடு தரும். திறந்த கலத்தில் ஒரு நாள் வைத்தால் அது பெரும்பாலும் நீங்கும். குளோரின் நீக்கும் துளிமருந்தைச் சேர்ப்பது இன்னும் உறுதியானது. புதுநீரின் வெப்பத்தைத் தொட்டிநீரோடு ஒப்பிட்ட பின்னரே அவள் ஊற்றினாள். உணவு இரண்டே மணிகள். உண்ணாததை உடனே நீக்கினாள்.

வெண்புள்ளி போன்ற ஒட்டுண்ணி நோய்களுக்கு மருந்து தேவைப்படும். ஆயினும் கெட்ட நீரில் நல்ல மருந்தும் பயன் தராது.

ஒன்பதாம் நாள் மீன் மேலே வந்து ஓர் உணவுமணியைக் கவ்வியது. சில வாரங்களில் கிழிந்த வாலின் ஓரத்தில் கண்ணாடி போன்ற மெல்லிய சவ்வு வளர்ந்தது. "பாட்டி, புது வால் முளைக்கிறது!" என்று தொலைபேசியில் கூவினாள் சிறுமி.

பழைய கிண்ணம் இப்போதும் அவ்வீட்டில் இருக்கிறது. மீனுக்கு வேண்டிய நீரை அதனால் முகந்து ஊற்றுகிறாள்.

சொற்பொருள்

பாகை – வெப்ப அளவு
செவுள் – மீனின் மூச்சுறுப்பு
சதுப்பு – நீர் தேங்கிய சேற்றுநிலம்
குன்றும் – குறையும்
முகந்து – அள்ளி

பயிற்சிகள்

அ. விடை எழுதுக.
1. மீனுக்கு ஏற்பட்ட நோய் அறிகுறிகள் யாவை?
2. 'சிறிது நீர் போதும்' என்னும் எண்ணம் ஏன் தவறானது?
3. மருந்துக்கு முன் பாட்டி நீரைப் பற்றிக் கேட்டது ஏன்?

ஆ. பிரித்து எழுதுக.
பனையேறி, குளிர்ந்திருந்தது, சன்னலோரம்

இ. உம் ஊரிலுள்ள பெரியவர் ஒருவரிடம் பேசி, அவ்வூர்க் குளத்து மீன்கள் ஐந்தின் தமிழ்ப்பெயர்களை அறிந்து எழுதுக.