கன்று பிழைத்தது, குஞ்சு தேறியதா?

அன்புள்ள தம்பி,

கோலா லிங்கி ஆற்றுமுகத்தில் நீங்கள் நட்ட பாக்காவ் கண்டல் கன்றுகள் பெரும்பாலும் பிழைத்துவிட்டன, இனி மீன் பெருகும்தானே என்று கேட்டிருக்கிறாய். சந்தோஷம். ஆனால் மரத்தை எண்ணிவிட்டு மீனுக்குச் சான்றிதழ் எழுதினால் எப்படியப்பா?

"வலையில் குஞ்சுகளைப் பார்த்தேனே, மாமா" என்பாய். மழைக்குத் திண்ணையில் ஒதுங்கியவனை விருந்தாளிக் கணக்கில் சேர்ப்பாயா? குஞ்சு உள்ளே வந்தால் போதாது. இரை தின்றதா, தங்கி வளர்ந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்த ஓர் இடத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து நிஸ்க்வாலி ஆற்றுமுகத்தில் 2009இல் பழைய பண்ணைக் கரையை உடைத்து, சுமார் 300 ஹெக்டர் நிலத்தில் கடல்நீரை மறுபடி ஏறவிட்டார்கள். ஆற்றில் பிறக்கும் சால்மன் குஞ்சு கடலுக்குப் போகும் வழியில் தேறிக்கொள்ளும் இடம் அது. அங்கே தலையை எண்ணுவதோடு விடவில்லை. குஞ்சின் வயிற்றில் என்ன இரை இருக்கிறது என்று பார்த்தார்கள். அதன் காதுக்குள் இருக்கும் பொடிக் கல்லைத் தேய்த்து நுண்நோக்கியில் வைத்தால், நாளுக்கொரு வளையம் தெரியும். வளையம் அகன்றிருந்தால் நன்றாக வளர்ந்த நாள், நெருங்கியிருந்தால் மெதுவாக வளர்ந்த நாள்.

சால்மன் நமக்கெதற்கு என்று முகம் சுளிக்காதே. நம்முடைய சியாக்காப் மீன் உப்புநீரில் முட்டையிட, குஞ்சுகள் கண்டலுக்கும் ஆற்றுக்கும் ஏறி வந்து வளர்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்துச் சசேகுமார் குழு 1992இல் வெளியிட்ட ஆய்வைப் பார். சிலாங்கூர் கண்டல் ஓடைகளில் மட்டும் 119 வகை மீன், 9 வகை இறால்!

கன்றுகளில் ஒரு பகுதி செம்பனைத் தோட்டத்துக் கரைக்குப் பின்னால் என்கிறாய். மதகு எப்போதும் மூடியே கிடந்தால் குஞ்சு எந்த வழியாக வரும்? அதை முதலில் பார்த்திருக்க வேண்டாமா? இன்னொன்று, புதுக் கண்டலை மட்டும் அளந்துவிட்டு வராதே. பக்கத்திலுள்ள பழைய கண்டலிலும் அதே நாளில், அதே வலையால் பிடி. நீளத்தோடு எடையும் எழுது. ஒரே நீளத்துக் குஞ்சு அங்கே கனத்தும் இங்கே மெலிந்தும் இருந்தால், உங்கள் இடத்தில் இன்னும் இரை கூடவில்லை என்று சந்தேகப்படு. ஒரு நாள் பிடித்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதே. மழைக்காலத்தில் ஒரு கூட்டம் வரும், வெயில்காலத்தில் வேறு கூட்டம் வரும்.

கடல்பெருக்கு உச்சத்தில் ஓடைவாயை வலையால் அடை, தண்ணீர் வற்றும்போது எடு. வாளியை நிழலில் வை. அளந்த கையோடு குஞ்சுகளை விட்டுவிடு, படம் எடுக்கிறேன் என்று சாகடிக்காதே. நோட்டை எனக்கு அனுப்பு.

உன் மாமா