கட்டத்தின் கீழுள்ள சிறிய எழுத்துகள்

சில ஆண்டுகளுக்கு முன், மகளின் விடுதிக் கட்டணத்தை இணையவழியே அனுப்பிய வாடிக்கையாளர் ஒருவர் பதற்றத்துடன் எங்கள் கிளைக்கு வந்தார். பணம் விடுதிக்குச் சேரவில்லை. கணக்கு எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. அந்த எண் வேறொருவருடைய கணக்காக இருந்தது. “பெயரைச் சரியாகத்தானே எழுதினேன்?” என்று கேட்டார். கணக்கு எண்ணை மட்டுமே கொண்டு பணம் வரவு வைக்கப்படும் என்னும் குறிப்பு அதே திரையில் இருந்தது. அவர் அதைப் படிக்கவில்லை.

கிளையில் படிவம் நிரப்பும்போது, பிழையைச் சுட்டிக்காட்ட எதிரில் ஓர் ஊழியர் இருப்பார். இணையப் படிவத்தில் அவருடைய பணியைச் செய்பவை உதவிக் குறிப்புகளே. சில குறிப்புகள் கட்டத்தின் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். சில, கேள்விக்குறி இட்ட சிறு வட்டத்தைத் தொட்டால் தோன்றும். அவற்றுள் முதன்மையானவை சிலவற்றைக் காண்போம்.

கணக்கு எண்: இதை இருமுறை கேட்பது வீண் வேலை அன்று. முதற்கட்டத்தில் உள்ளதை நகலெடுத்து இரண்டாவதில் ஒட்டினால், பிழையும் சேர்ந்தே நகலாகும். பாஸ்புத்தகத்தைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்வதே முறை. எண்ணை மட்டுமே கொண்டு வரவு வைக்கலாம் என்றும், அதனை இணையத் திரையில் தெரிவிக்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2010இல் அறிவுறுத்தியது. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளில் அனுப்புமுன் பயனாளியின் பெயரைக் காணும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் அளிக்குமாறும் பணித்தது. திரையில் தோன்றும் பெயரைப் படித்த பின்னரே உறுதி செய்க.

ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு: மொத்தம் 11 இடங்கள். முதல் நான்கு எழுத்துகள் வங்கியையும், இறுதி ஆறு இடங்கள் கிளையையும் குறிக்கும். ஐந்தாவது இடத்தில் இருப்பது சுழியம். ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்து அன்று. 2020 ஏப்ரல் 1 அன்று பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக இணைந்தபின் பல கிளைகளின் குறியீடுகள் மாறின. ஆகவே பழைய காசோலையைப் பார்த்து எழுதலாகாது.

பெயர்: ‘முதலெழுத்தை விரித்து எழுதுக’ என்னும் குறிப்பு தமிழர்களுக்கு மிகவும் தேவையானது. ஓரிடத்தில் முதலெழுத்தும் மற்றோரிடத்தில் தந்தையின் முழுப்பெயரும் இருந்தால், பான், ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவற்றின் பெயர்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும்.

எங்களுக்கும் கடமை உண்டு. கட்டத்தின் உள்ளே மங்கலாக எழுதிய குறிப்பு, தட்டச்சு தொடங்கியதும் மறைந்துவிடும். ஐயம் எழும் நேரத்தில் அது உதவாது. எனவே குறிப்பு கட்டத்திற்கு வெளியே, நிரப்பி முடிக்கும்வரை கண்ணில் படும்படி இருத்தல் வேண்டும். ‘சரியான விவரம் தருக’ என்பதைவிட, ‘11 இடங்கள், ஐந்தாவது சுழியம்’ என்பதே பயன் தரும்.

அந்த வாடிக்கையாளரின் பணம், அதைப் பெற்றவர் இசைந்ததால் திரும்பிவந்தது. அதற்கு மூன்று வாரங்கள் ஆயின. இடையில் கடன் வாங்கியே அவர் விடுதிக் கட்டணம் செலுத்தினார். குறிப்பு விளங்காவிடில் ஊகித்து நிரப்பாமல் கிளையில் கேளுங்கள். ஒரே கட்டத்தைப் பற்றிப் பலர் கேட்டால், பிழை எங்கள் குறிப்பில்தான் என்பதை நாங்களும் அறிந்துகொள்வோம்.